புஸ் இன் பூட்ஸ் - த லாஸ்ட் விஷ்: அந்த ஓநாய் உங்களை என்ன செய்தது?

கடைசிபெஞ்ச்:

இந்தப் படத்துக்கு இங்கே இன்னும் ஒரு தனி இழை இல்லை. அதனால் நானே தொடங்கிவிடுகிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், 102 நிமிடம்தான்.

2004-ல் ஷ்ரெக் என்ற அனிமேஷன் படத்தின் இரண்டாம் பாகத்தில் கூலிக்கு ஆளை முடிக்க வந்த பூனை. தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தே அத்தனை பேரையும் கவிழ்த்தது. 2011-ல் அதற்குத் தனிப்படம் கிடைத்தது. பிறகு பதினோரு வருடம் தியேட்டருக்கு அடுத்த படம் வரவில்லை. 2022 டிசம்பரில் ஜோயல் கிராஃபோர்ட் இயக்கத்தில் இது வந்தபோது நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கிளைப்படத்துக்கு இரண்டாம் பாகம், அதுவும் ஆறிப்போன பிறகு என்றால் பொம்மை விற்க எடுத்திருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பிறகு வீட்டில் பார்த்தேன். மதுக்கடையில் பூனை பால் குடித்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒரு சீழ்க்கை. பக்கத்தில் ஓர் ஓநாய் வந்து உட்காருகிறது. அதன்பின் என்னால் போனைக் கையில் எடுக்க முடியவில்லை.

என் கேள்வி இதுதான். படத்தைப் பார்த்தவர்கள் யாரும் பூனையைப் பற்றிப் பேசுவதில்லை, ஓநாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது வருவதோ சில காட்சிகள். அப்படி என்ன செய்துவிட்டது அது?


வசூல்கணக்கு:

ஓநாய்க்கு முன்னால் கொஞ்சம் கணக்கு. படம் வந்தது டிசம்பர் 21. அதற்கு ஐந்து நாள் முன்புதான் அவதார் இரண்டாம் பாகம் வந்து பெரிய திரைகளை எல்லாம் வளைத்துப் போட்டிருந்தது. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் இந்தப் பூனைக்குக் கிடைத்தது சுமார் 1.2 கோடி டாலர். 2011-ல் முதல் படம் முதல் வார இறுதியிலேயே 3.4 கோடி எடுத்தது. அந்த வாரமே படுத்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள்.

அடுத்த வார இறுதியில் வசூல் ஏறியது. இறங்கவில்லை, ஏறியது. ஜனவரி 6-ஆம் தேதி அமெரிக்காவில் வீட்டிலிருந்தே காசு கட்டிப் பார்க்க விட்டுவிட்டார்கள். அப்போதும் தியேட்டருக்குக் கூட்டம் வந்தது. கடைசியில் உலகம் முழுக்க 48 கோடி டாலருக்கு மேல். விளம்பரத்தால் வந்த கூட்டம் என்றால் முதல் வாரமே வந்திருக்கும். இது பார்த்தவன் பார்க்காதவனிடம் சொல்லிச் சொல்லி வந்த கூட்டம்.


ஸ்காபரோசனி:

முதல் வாரம் குறைந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தக் கிறிஸ்மஸுக்கு இங்கே கனடாவில் பனிப்புயல். வாசலில் நின்ற கார் தெரியவில்லை. அமெரிக்காவிலும் பாதி இடங்களில் அதே நிலைமை. யார் படம் பார்க்கப் போவார்கள்?

நாங்கள் புதுவருடம் கழிந்துதான் போனோம். என் பெறாமகன் ஒருத்தன், பல்கலைக்கழகம் படிக்கிறவன், ஏற்கனவே பார்த்துவிட்டு மறுபடியும் வந்தான். மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் பாதி, இருபது வயதுக்காரர் பாதி. சிரிக்கிற இடங்கள் இரண்டு கூட்டத்துக்கும் வேறு வேறு. ஆனால் ஓநாய் முதல் தடவை வாள்சண்டையில் பூனையின் நெற்றியைக் கீறி ஒரு துளி இரத்தம் வழிந்ததே, அந்த நேரம் சோளப்பொரி மெல்லுகிற சத்தம்கூட இல்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெடியன் எழும்பித் தாயின் மடியில் ஏறிவிட்டான்.


இரண்டுவாண்டுகளின்அம்மா:

எழுந்து மடியில் ஏறிய கட்சி எங்கள் வீட்டிலும் உண்டு. சின்னவளுக்கு ஆறு வயது. 'பூனைப் படம்' என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். சீழ்க்கை வந்த இரண்டாவது முறையே காதைப் பொத்திக்கொண்டாள். அன்று ராத்திரி யாரோ ஜன்னலில் விசிலடிக்கிறார்கள் என்று அழுகை. வாட்ச்மேன் தாத்தா பாவம், அவர் சும்மா ரோந்து போனார்.

படத்தைக் குறை சொல்லவில்லை. நான் ரசித்தேன். ஆனால் "குழந்தைகளோடு பார்க்க அருமையான படம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் எந்த வயதுக் குழந்தை என்றும் சொல்லுங்கள். பெரியவனுக்குப் பத்து. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓநாய் மாதிரி இரண்டு கையிலும் கரண்டியைச் சுழற்றிக்கொண்டு அலைகிறான்.


கடைசிபெஞ்ச்:

அக்கா, அது கரண்டி இல்லை, அரிவாள். சீக்கிரம் ஒளித்து வையுங்கள்.


நிறுத்துப்பார்ப்பவன்:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் நான் எதிர்ப்பக்கம் உட்காருகிறேன்.

படம் நன்றாக இருக்கிறது. 'பத்து வருடத்தில் சிறந்தது' என்று ஆர்ப்பரிக்கும் அளவுக்கு இல்லை. அந்த ஆர்ப்பாட்டத்தில் பாதி, படம் பார்த்ததால் வந்ததே அல்ல. அதே சீசனில் டிஸ்னியின் ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட் மண்ணைக் கவ்வியது. டிஸ்னி மேல் எரிச்சலில் இருந்த கூட்டத்துக்கு அடிக்க ஒரு தடி வேண்டியிருந்தது, பூனை கிடைத்தது. ஓநாய்க் காட்சிகளை வெட்டி வெட்டிச் சின்ன வீடியோவாகப் போட்டார்கள். முழுப் படத்தைப் பார்க்காமல் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்துவிட்டு 'மாஸ்டர்பீஸ்' என்று எழுதியவர்களை எனக்கே தெரியும்.

கதை என்ன? மந்திர வரைபடம், விண்மீன், ஒரே ஒரு வரம், அதற்காக நாலு கோஷ்டி துரத்துகிறது. இதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? கோல்டிலாக்ஸும் மூன்று கரடிகளும் ஒரு கோஷ்டி, பேக்கரி முதலாளி ஜாக் ஹார்னர் ஒரு கோஷ்டி, பூனையும் அதன் பழைய காதலி கிட்டியும் நாய்க்குட்டியும் ஒரு கோஷ்டி, இதற்கு நடுவில் ஓநாய். நூறு நிமிடத்துக்கு வில்லன் தரப்பு மூன்று என்பது அதிகம். ஓநாயை எடுத்துவிட்டால் இது சுமாரான துரத்தல் படம்.


கடைசிபெஞ்ச்:

ஓநாயை எடுத்துவிட்டால் என்று ஏன் சார் எடுக்கிறீர்கள்? ரசத்திலிருந்து புளியை எடுத்துவிட்டு வெந்நீர் என்கிறீர்கள்.


பாட்டிகதை:

ஓநாய் ஏன் இவ்வளவு தூரம் ஏறியது என்ற கேள்விக்கு என் பதில்: படம் நம் பழைய நினைவை வைத்தே நம்மை ஏமாற்றுகிறது.

இது தேவதைக் கதைகளின் உலகம். அங்கே ஓநாய் என்றால் நமக்கு உடனே சிவப்புத் தொப்பிப் பெண்ணின் கதை. ஷ்ரெக் படங்களில் அந்த ஓநாய் பாட்டியின் இரவு உடையோடு கட்டிலில் படுத்துக்கிடக்கும் கோமாளி. எனவே இங்கே ஓர் ஓநாய் வந்து பூனையின் தலைக்கு விலை வைத்திருக்கும் சுவரொட்டியை நீட்டினால், தலைவேட்டைக்காரன் ஒருவன் என்று நினைத்துக்கொள்கிறோம். பூனையும் அப்படித்தான் நினைக்கிறது. குகைக்குள் அது தன்னை யாரென்று சொல்லும் வரை அந்த நினைப்பு கலையாது. உவமையாகச் சொல்லவில்லை, நானேதான் மரணம் என்று நேராகச் சொல்கிறது.

பூனைக்கு ஒன்பது உயிர் என்பார்கள், இந்தப் பூனைக்கு அதில் எட்டு போய்விட்டது. எட்டு உயிரை எட்டு விதமாக வீணாக்கியவன் நீ, அத்தனை சாவையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான் என்கிறது. அது வெறும் பேச்சில்லை. முதல் பத்து நிமிடத்தில் டெல் மார் நகரத் திருவிழாக் கூட்டத்தில் அந்த ஓநாய் நின்றுகொண்டிருக்கும். மணி விழுந்து பூனை சாவதற்குக் கொஞ்சம் முன்பு. நான் முதல் முறை பார்த்தபோது கண்ணில் படவில்லை. பல பேர் இரண்டாவது தடவை போனதே அதைத் தேடத்தான்.

இன்னொன்று. இந்தப் பூனைக்கும் சாவுக்கும் உறவு புதிதில்லை. நாம் படித்த கதை பிரெஞ்சுக்காரர் சார்ல் பெரோ 1697-ல் வெளியிட்டது. அரைவைக்காரனின் மூன்றாவது மகனுக்குச் சொத்தாகக் கிடைப்பது ஒரு பூனை மட்டும். அது பூட்ஸ் கேட்கிறது. முதல் வேலையாக ஒரு சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செத்த மாதிரி படுத்து முயல் பிடிக்கிறது. பெரோவுக்கு முன்பே இத்தாலியில் இந்தக் கதை உண்டு. ஸ்ட்ராபரோலா எழுதியதில் பூட்ஸே கிடையாது, பூனையும் பெண். பசீலே 1634-ல் வந்த தொகுப்பில் சொல்லும் வடிவம் இன்னும் கடுமை. இவ்வளவு செய்தோமே, எஜமானனுக்கு நன்றி இருக்கிறதா என்று பார்க்கப் பூனை செத்தது போல நடிக்கிறது. அந்தப் பாவி, ஜன்னல் வழியே தூக்கி எறியச் சொல்கிறான். பூனை துள்ளி எழுந்து அவனைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போயே போய்விடுகிறது.

சாவை வைத்துப் பாசாங்கு செய்தே பிழைத்த பூனையிடம் நிஜச் சாவு வந்து நின்றால் என்ன ஆகும்? படம் எடுத்தவர்கள் இத்தாலியக் கதையைப் படித்துவிட்டுத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பொருந்துகிறது, அவ்வளவுதான்.


ஸ்காபரோசனி:

கோல்டிலாக்ஸ் கதையும் முதலில் வேறு மாதிரி என்று எங்கேயோ படித்த ஞாபகம்?


பாட்டிகதை:

ஆமாம். ராபர்ட் சதி 1837-ல் அச்சிட்டதில் கரடி வீட்டுக்குள் நுழைவது சின்னப் பெண்ணே இல்லை, ஒரு கிழவி. அதுவும் நல்ல கிழவி இல்லை. கஞ்சியைக் குடித்து, நாற்காலியை உடைத்து, கடைசியில் ஜன்னலில் குதித்து ஓடிவிடுவாள். கொஞ்ச வருடம் கழித்துத்தான் வேறொருவர் அவளைச் சிறுமியாக்கினார். இந்தப் படம் அந்தச் சிறுமியை அநாதையாக்கி, கரடிகளுக்கே வளர்ப்பு மகளாக்கி, குடும்பமாகத் திருடவும் வைத்துவிட்டது. தனக்கு 'சரியான' மனிதக் குடும்பம் வேண்டும் என்பதே அவள் கேட்கப்போகும் வரம். இது தெரிந்தபின் அம்மா கரடி முகம் போகும் போக்கைப் பாருங்கள். ஒலிவியா கோல்மன் குரல். கோபமே இல்லை, உனக்கு வேண்டியது அதுதான் என்றால் வாங்கித் தருகிறோம் என்று கிளம்புகிறது. எனக்கு ஓநாயைவிட அந்த இடம் கனமாக இருந்தது.


ஃப்ரேம்12:

அனிமேஷன் வேலை செய்கிறவன் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சண்டைக் காட்சிகளில் படம் விட்டுவிட்டு நகர்வதுபோல் தோன்றியதா? சில பேர் 'என் டிவியில் ஏதோ கோளாறு, இழுக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். கோளாறில்லை. வினாடிக்கு 24 படம் ஓடும் திரையில், ஒரு தோரணையை இரண்டு படத்துக்கு அப்படியே நிறுத்தினால் வினாடிக்கு 12 அசைவுதான் கிடைக்கும். கையால் வரைந்த காலத்தில் செலவைக் குறைக்கச் செய்தது. 2018-ல் ஸ்பைடர்வெர்ஸ் படம் அதைக் கணினிப் படத்துக்குள் வேண்டுமென்றே கொண்டுவந்தது. இதில் சாதாரணக் காட்சி வழுவழுவென்று போகும், படத் தொடக்கத்தில் வரும் ராட்சதனோடு சண்டை தொடங்கியதும் முறித்து முறித்து அடிக்கும். ஒவ்வோர் அடியும் ஓர் ஓவியம் மாதிரி கண்ணில் பதிவது அதனால்தான்.

2011 படத்தில் பூனையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று பாடுபட்டிருப்பார்கள். இதில் மயிரைத் தூரிகைத் தீற்றலாக விட்டுவிட்டார்கள். அந்த நுணுக்கத்தை ஒரே ஓர் இடத்துக்கு எடுத்துவைத்தார்கள்: பயம் வரும்போது பூனையின் உடம்பு மயிர் சிலிர்த்து நிற்கும். அந்த அண்மைக்காட்சி அத்தனை முறை வந்தும் சலிக்காததற்கு இதுதான் காரணம்.

நிறுத்துப்பார்ப்பவன் சார் சொன்ன 'ஓநாய் இல்லாவிட்டால் சுமார்' என்பதை நான் ஏற்கவில்லை. ராட்சதன் சண்டை ஒன்றுக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது. அதில் ஓநாய் கூட்டத்தில் ஒருவன் மட்டும்தான்.


நிறுத்துப்பார்ப்பவன்:

தொழில்நுட்பத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜாக் ஹார்னரை யாராவது எனக்கு நியாயப்படுத்துங்கள். ஒரு குழந்தைப் பாட்டில், மூலையில் உட்கார்ந்து பண்டத்தில் கட்டைவிரலைவிட்டுப் பிளம் எடுத்த பையன். அவனைப் பெரிய பேக்கரி முதலாளியாக்கி, தன் ஆட்களே வரிசையாகச் சாவதைப் பார்த்துச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். முன்கதை கிடையாது, மாற்றம் கிடையாது. ஒரே நகைச்சுவையைப் படம் முழுக்க ஓட்டுகிறார்.


கடைசிபெஞ்ச்:

நியாயப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் நகைச்சுவை! அந்த நாலைந்து வருடமும் அனிமேஷன் படங்களில் வில்லன் என்று ஒருவனைக் கண்ணில் காட்டினார்களா? கடைசியில் பார்த்தால் பாட்டிக்குப் பழைய காயம், அம்மாவுக்குப் புரியாத மனசு, எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். நல்ல படங்கள்தான், ஆனால் வரிசையாக வந்தால் அலுக்காதா? இங்கே ஒருத்தன் 'எனக்கு அன்பான அப்பா அம்மா, சொத்து, வசதி எல்லாம் இருந்தது, போதவில்லை, உலகத்தில் உள்ள மந்திரம் அத்தனையும் எனக்கு மட்டும் வேண்டும்' என்கிறான். அவன் தோளில் உட்கார்ந்து மனசாட்சிப் பூச்சி ஒன்று அவனுக்குள் நல்லதைத் தேடித் தேடி, கடைசியில் வாய்விட்டுத் திட்டுமே, அதைக் கேட்டு நான் சோபாவிலிருந்து விழுந்தேன்.


வசூல்கணக்கு:

முன்கதை கிடையாது என்று சொல்ல முடியாது. சின்ன ஜாக் மேடையில் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருப்பான், பக்கத்தில் பினோக்கியோ வந்ததும் கூட்டம் மொத்தமும் அங்கே ஓடிவிடும். அந்த வயிற்றெரிச்சலில்தான் பயல் இப்படி ஆனான்.

இப்போது நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். 2023 மார்ச்சில் ஆஸ்கர். சிறந்த அனிமேஷன் படத்துக்கு இந்தப் பூனையும் பட்டியலில் இருந்தது. பரிசை எடுத்துக்கொண்டு போனது எது? கியெர்மோ டெல் டோரோவின் பினோக்கியோ.

அதற்கு மேல் ஒன்று. 2011-ல் வந்த முதல் பூனைப் படத்துக்கு நிர்வாகத் தயாரிப்பாளர் பட்டியலில் இருந்தவர் யார் தெரியுமா? இதே டெல் டோரோ.


ஸ்காபரோசனி:

ஜாக் ஹார்னர் எங்கேயோ இருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான்.


இரண்டுவாண்டுகளின்அம்மா:

பினோக்கியோவும் சாவைப் பற்றிய படம்தானே. அந்த வருடம் அனிமேஷன்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

நான் வேறொன்று கேட்க வந்தேன். நாய்க்குட்டி பெரிட்டோ தன் கதையைச் சொல்லும் இடம். முதல் வீட்டுக்காரர்கள் ஒளிந்து விளையாடுவதாகச் சொல்லி அதைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள், ஒவ்வொரு தடவையும் அது தேடிக் கண்டுபிடித்து வந்துவிடும். கடைசியில் ஒரு சாக்ஸுக்குள் கல்லோடு போட்டு ஆற்றில் எறிந்தார்கள். அதை அது ஒரு வேடிக்கைச் சம்பவம் மாதிரி சொல்லி, 'எனக்கு இலவசமாக ஸ்வெட்டர் கிடைத்தது' என்று அந்தச் சாக்ஸைக் காட்டும். என் பையன் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். 'அம்மா, அவங்க அதைக் கொல்லப் பாத்தாங்களா?' என்று கேட்டான். ஓநாயைவிட இதற்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நீங்கள் எல்லோரும் அந்த இடத்தில் என்ன செய்தீர்கள்?


ஃப்ரேம்12:

நானும் சிரித்தேன். கிட்டியும் பூனையும் சிரிக்காமல் உறைந்து பார்ப்பதைக் காட்டிய பிறகுதான் சிரிப்பு தொண்டையில் நின்றது. பெரிட்டோவுக்குக் குரல் கொடுத்த ஹார்வி கியென் அதில் துளிகூடச் சோகம் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அந்த இடம் கெட்டிருக்கும்.


மழைக்கால்:

இழையை ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எழுதுகிறேன். யாரும் இன்னும் அந்த மரத்தடிக் காட்சியைத் தொடவில்லை.

காட்டில் ஓநாயைப் பார்த்ததும் பூனை தலைதெறிக்க ஓடுகிறது. ஒரு மரத்தடியில் மூச்சு வாங்க முடியாமல் விழுகிறது. இதயம் அடிப்பது மட்டும் கேட்கிறது, சுற்றிலும் மற்ற ஓசை எல்லாம் மங்கிவிடுகிறது. பெரிட்டோ ஓடிவருகிறது. அதுவரைக்கும் வாய் ஓயாத நாய் அது. அங்கே அறிவுரை சொல்லவில்லை, 'என்ன ஆச்சு' என்று துளைக்கவில்லை. பூனையின் வயிற்றில் தலையைச் சாய்த்துக் கிடக்கிறது. மூச்சு தானாக ஒரு கதிக்கு வருகிறது.

எனக்குப் பதற்றத் தாக்குதல் வருவது உண்டு. முதல் தடவை வந்தபோது நெஞ்சுவலி என்று நினைத்து வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். தண்ணீர் குடி, சாமியைக் கும்பிடு, எதற்குப் பயப்படுகிறாய் என்று ஆளுக்கு ஒரு பக்கம். பாசத்தில்தான் கேட்டார்கள். ஆனால் கேள்வி கூடக் கூட மூச்சு இன்னும் முட்டும். படம் பார்த்த பிறகு என் அக்கா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்காரக் கற்றுக்கொண்டாள். இந்த மாதிரி அனுபவம் உள்ளவர்கள் உலகம் முழுக்க அந்தக் காட்சியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள், அதைப் படித்துத்தான் நானே படத்துக்குப் போனேன்.

பூனைப் படத்தில் யார் இதை எதிர்பார்த்தார்கள்? அதனால்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். வீரம் பேசிக்கொண்டு திரிந்த ஒருவனுக்கு வந்ததால்.


கடைசிபெஞ்ச்:

எழுதியதற்கு நன்றிங்க. பூனைக்குக் குரல் கொடுத்த அந்தோனியோ பாண்டெராஸ் 2017 ஜனவரியில் மாரடைப்பு வந்து பிழைத்தார். வாழ்க்கையை அது எப்படி மாற்றியது என்று பேட்டிகளில் பேசியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு இந்தக் காட்சியை மறுபடி கேட்டால் அந்த மூச்சிரைப்பு வேறு மாதிரி கேட்கிறது.


நிறுத்துப்பார்ப்பவன்:

மரத்தடிக் காட்சிக்கு மறுப்புச் சொல்ல மாட்டேன். அது நல்ல காட்சி.

ஆனால் முடிவு? கடைசிச் சண்டையில் பூனை ஓநாயை எதிர்த்து நிற்கிறது. உன்னை ஜெயிக்க முடியாது என்று தெரியும், ஆனாலும் இந்த ஓர் உயிருக்காகப் போராடுவேன் என்கிறது. உடனே ஓநாய் கோபத்தில் ஸ்பானிஷில் தன்னையே திட்டிக்கொண்டு, சரி, இன்னொரு நாள் பார்ப்போம் என்று போய்விடுகிறது. மரணம் இப்படிக் கௌரவம் பார்த்து விலகிப்போகுமா? இவ்வளவு நேரம் பயமுறுத்திவிட்டுக் கடைசியில் நல்லவனாகிவிட்டதே!


பாட்டிகதை:

நல்லவனாகவில்லை சார். அது வந்ததே முறைகேடாகத்தான். பூனைக்கு ஒன்பதாவது உயிர் இன்னும் மிச்சம் இருக்கும்போது, எட்டை வீணாக்கிய திமிர் பிடிக்காமல் முன்கூட்டியே எடுக்க வந்தது. அதாவது, மரணம் தன் வேலையைச் செய்யவில்லை, சொந்தக் கோபத்தைத் தீர்க்க வந்திருக்கிறது. எந்தப் பூனை மேல் கோபமோ அந்தப் பூனை இப்போது எதிரில் இல்லை. வேறொரு பூனை நிற்கிறது. கொன்றால் வேட்டையில் ருசியில்லை. அதனால்தான் தன் இரையோடு ஏன் விளையாடினேன் என்று தன்னையே திட்டிக்கொள்கிறது.

கிரிம் சகோதரர்கள் தொகுப்பில் மரணம் ஒரு பையனுக்கு ஞானத்தந்தையாக இருக்கும் கதை உண்டு. பையன் பெரிய வைத்தியனாகிறான். நோயாளியின் தலைமாட்டில் மரணம் நிற்கிறதா, கால்மாட்டில் நிற்கிறதா என்று அவனுக்கு மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு கட்டிலைத் திருப்பிப் போட்டு ஏமாற்றுவான். கடைசியில் அவனையே கொண்டுபோய்விடும். அந்தக் கதைகளில் தந்திரம் செய்பவன் தோற்பான். இந்தப் படத்தில் பூனை தந்திரத்தை விட்ட பிறகுதான் ஓநாய் நகர்கிறது. வரத்தைக் கேட்டு ஒன்பது உயிரும் திரும்ப வாங்கியிருக்கலாம், வரைபடம் கையில்தான் இருந்தது. வேண்டாம் என்று விட்டது.


ஸ்காபரோசனி:

எங்கள் மார்க்கண்டேயன் கதை மாதிரித்தானே, அண்ணா? பதினாறு வயதில் எமன் பாசக்கயிற்றோடு வந்து நின்றது.


பாட்டிகதை:

கிட்டத்தட்ட எதிர். மார்க்கண்டேயனுக்குச் சிவன் வந்து எமனை உதைத்தார், என்றும் பதினாறு என்று வரமும் கிடைத்தது. பூனைக்கு யாரும் வரவில்லை, வரமும் இல்லை. ஓநாய் மறுபடி வரும், பூனைக்கும் அது தெரியும்.


கடைசிபெஞ்ச்:

சரி, இப்போது என் கேள்விக்கே திரும்புகிறேன். 2004-ல் ஷ்ரெக் பார்த்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. இந்தப் படம் வந்தபோது எனக்கு வேலை, கடன், வீட்டில் வயதான அப்பா. என் வயதுக்காரர்கள் இரண்டாம் தடவை தியேட்டருக்குப் போனதற்கு நாஸ்டால்ஜியா காரணம் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நாஸ்டால்ஜியா என்றால் முதல் வாரமே போயிருப்போம். போகவில்லையே. பூனைக்காகப் போனவர்கள் குறைவு. சாவை ஜோக்காக மாற்றாமல் எதிரில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லித்தான் போனோம். பெரியவர்களுக்கான படங்கள்கூட அதை ஆஸ்பத்திரிக் கட்டிலும் வயலினுமாக மழுப்பிவிடும். இங்கே கறுப்பு அங்கி, சிவப்புக் கண், இரண்டு அரிவாள். மழுப்பலே இல்லை.


நிறுத்துப்பார்ப்பவன்:

இதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பயத்தை நேராகக் காட்டியது ஓநாய்க் காட்சிகளில் மட்டும். மீதி நேரம் வழக்கமான துரத்தல்தான். என் பழைய கருத்தில் மாற்றமில்லை: அரை மணி நேரம் அருமையான படம், ஒரு மணி நேரம் பரவாயில்லாத படம்.


ஃப்ரேம்12:

சார் இவ்வளவு இறங்கி வந்ததே இந்த இழையின் பெரிய வசூல்.


வசூல்கணக்கு:

வசூல் என்றதும் ஞாபகம் வந்தது. பலரும் இது முதல் படத்தைத் தாண்டிவிட்டதாக நினைக்கிறார்கள். இல்லை. 2011 படம் உலகம் முழுக்க 55 கோடி டாலர் எடுத்தது. பணத்தில் அதுதான் பெரிய படம். ஆனால் அதைப் பற்றி யாராவது இழை தொடங்கி நீங்கள் பார்த்ததுண்டா?


மழைக்கால்:

எனக்கு அந்த 2011 படத்தில் ஹம்ப்டி டம்ப்டி முட்டை வந்தது மட்டும் நினைவில் இருக்கிறது.


புதியவன்7:

வணக்கம். நான் இன்னும் படம் பார்க்கவில்லை, ஆனால் இழை முழுவதும் படித்துவிட்டேன். (தெரியும், தெரியும், முதலிலேயே எச்சரித்திருந்தார்கள்.) இதைப் பார்க்க 2011 படத்தையும் ஷ்ரெக் நான்கையும் முதலில் பார்க்க வேண்டுமா? தங்கச்சிக்கு எட்டு வயது, அவளோடு பார்க்கலாமா?


கடைசிபெஞ்ச்:

ஒன்றும் தேவையில்லை தம்பி, நேராக இதையே பார்க்கலாம். கிட்டியும் பூனையும் ஏன் முறைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் படமே சொல்லிவிடும்: சாந்தா கொலோமாவில் கல்யாணம், பூனை பயந்து வராமல் போனது, அவளும்தான் போகவில்லை. நேரம் இருந்தால் ஷ்ரெக் இரண்டாம் பாகம் மட்டும் பார். இந்தப் படத்தின் கடைசி நிமிடத்தில் கப்பல் எந்த ஊர்ப்பக்கம் போகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பாய்.


நிறுத்துப்பார்ப்பவன்:

ஷ்ரெக் முதல் பாகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அனிமேஷன் படத்துக்கென்று ஆஸ்கர் கொடுக்கத் தொடங்கியபோது முதல் பரிசு வாங்கியது அதுதான்.


இரண்டுவாண்டுகளின்அம்மா:

எட்டு வயது என்றால் பகலில் போடுங்கள், விளக்கு எரியட்டும், ஓநாய் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு வீட்டில் யாரும் இரண்டு நாளைக்கு விசிலடிக்க வேண்டாம். குக்கரை ஒன்றும் செய்ய முடியாது.